பாரோல் அதிகாரியாக வேண்டும் என்கிறாள் மகள்

மகளின் வேலை பற்றி ஆலோசனை கேட்டு பட்டர்வொர்த்திலிருந்து வந்த அம்மாவுக்கு, வணக்கம்.

"கொலைகாரன் வீட்டு வாசலில் போய் நிற்கவா இவளை எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) வரை படிக்க வைத்தேன்?" என்று கேட்டீர்கள். மகள் முன்னால் பதில் சொல்லத் தயங்கினேன், இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்கீழ் பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்கும் நன்னடத்தை அதிகாரி சமூகநலத் துறையைச் சேர்ந்தவர். மகள் சொல்வது அந்த வேலை அல்ல. தண்டனையின் மீதியை வெளியில் கழிக்கும் பெரியவர்களைக் கண்காணிக்கும் பாரோல் அதிகாரி, சிறைச்சாலைத் துறையின் ஆள். மலேசியாவில் இந்த முறை 2008இல் சட்டமானது. ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று, அதில் பாதியையாவது கழித்தவரைத்தான் பாரோல் வாரியம் பரிசீலிக்கும். எல்லாக் குற்றத்துக்கும் அந்த வாய்ப்பு கிடையாது. கண்டவர் வீட்டுக்கெல்லாம் அவளை அனுப்பிவிட மாட்டார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கவலை வேறு. பாரோலில் வெளிவந்தவர் சொன்ன முகவரியில் இருக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, வீட்டார் சேர்த்துக்கொண்டார்களா என்று விசாரித்து, தடுமாறும்போது தாங்கிப் பிடிப்பவர் இந்த அதிகாரி. நிபந்தனையை மீறினால் அறிக்கை எழுதுபவரும் இவரே. அந்த அறிக்கையால் வெளிவந்தவர் மறுபடியும் சிறைக்குப் போகலாம். போன வாரம் தேநீர் கொடுத்த அவரது தாய் இந்த வாரம் காலில் விழுந்து அழுவார். அப்போதும் உள்ளதை உள்ளபடி எழுத உங்கள் மகளால் முடியுமா? "மனிதர்களுக்கு உதவ வேண்டும்" என்று மட்டும்தான் அவள் என்னிடம் சொன்னாள். அது மட்டும் போதுமென்றால் ஆலோசகர் படிப்பு அவளுக்குப் பொருந்தும். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றுத் தொழில் செய்யலாம்.

அப்படி எழுத முடியும் என்றால் தயவுசெய்து தடுக்காதீர்கள். தமிழ் மட்டுமே பேசும் பாட்டி இருக்கும் வீட்டில், அந்தப் பாட்டியிடமே நேராகப் பேசக்கூடிய அதிகாரி எவ்வளவு பெரிய ஆறுதல்!

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்டிபிஎம், பட்டம் என்று ஒவ்வொரு தகுதிக்கும் சிறைத்துறையில் தனி நுழைவு உண்டு. பட்டம் முடித்துப் போகட்டும் என்பதே என் விருப்பம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பு 1975 முதல் நடக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் இது சீருடை வேலை. உடற்தகுதி பார்ப்பார்கள், பயிற்சி கடுமையாக இருக்கும், எந்த மாநிலத்துக்கும் மாற்றுவார்கள். சேர்ந்ததுமே பாரோல் பிரிவு கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

அதற்கு முன் ஒரு நாள் இருவரும் பெர்ரி ஏறி லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்குப் போங்கள். பெரியவர்களின் வழக்குகளைப் பெரும்பாலும் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். தண்டனை வாசிக்கும்போது குற்றவாளிக் கூண்டையும் பாருங்கள், பின் வரிசையில் இருக்கும் குடும்பத்தையும் பாருங்கள். வீடு திரும்பியதும் அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று கவனித்து என்னிடம் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது எஸ்பிஎம் சான்றிதழையும் கொண்டுவரச் சொல்லுங்கள்; மலாய் மொழியில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.