ஓய்வுநாள் கட்டாயம் இல்லை என்றால் வாராவாரம் ஏன் ஓய வேண்டும்?

கேள்வி இதுதான்: நாம் நியாயப்பிரமாணத்துக்கு (மோசே மூலம் வந்த சட்டத்துக்கு) கீழ்ப்பட்டவர்கள் இல்லை, ஆராதனைக்கும் தவறாமல் போகிறோம், அப்படியிருக்க வீட்டுக்கு வந்ததும் விட்டுப்போன வேலையை எடுத்துப் பார்த்தால் என்ன நஷ்டம்?

கட்டாயமா என்பதை முதலில் முடித்துவிடுவோம். என் புரிதலில் இல்லை. ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்று கொலோசெயர் 2:16-ல் பவுல் எழுதுகிறார், ரோமர் 14:5-ல் நாளை விசேஷமாக எண்ணுவதையும் எண்ணாததையும் அவரவர் மனதுக்கே விட்டுவிடுகிறார். சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையாரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு, வெள்ளிக்கிழமையே வீட்டு வேலைகளை முடித்துத் தயாராகிவிடுவார்கள். எந்த நாளை எடுத்தாலும் இது உதவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுநாள் என்றதும் எல்லோரும் யாத்திராகமம் 20-ஐத் திறப்பார்கள், பத்துக் கட்டளை அங்கேதான் இருக்கிறது. நான் அதற்கு முன்னால் 5-ஆம் அதிகாரத்தையும் 16-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்வேன். 5-ஆம் அதிகாரத்தில் தேவனுக்குப் பண்டிகை ஆசரிக்க விடுமுறை கேட்ட இஸ்ரவேல் அடிமைகளைப் பார்த்து எகிப்தின் ராஜாவான பார்வோன் "சோம்பேறிகள்" என்கிறான், வைக்கோலை நிறுத்திவிட்டு அதே எண்ணிக்கைச் செங்கல்லை அறுக்கச் சொல்கிறான். அந்த ஜனங்கள் விடுதலையாகி வனாந்தரத்துக்கு வந்தபின், சீனாய் மலையில் கட்டளை கிடைப்பதற்கு முன்பே, தேவன் தினமும் தந்த மன்னா என்ற உணவின் மூலமாக ஓய்வைப் பழகுகிறார்கள். ஆறாம் நாள் இரண்டு மடங்கு கிடைக்கிறது, மற்ற நாட்களில் மீதி வைத்தால் புழு பிடித்து நாறுவது அன்று வைத்தால் கெடுவதில்லை. அப்படியும் சிலர் ஏழாம் நாள் காலையில் கூடையும் கையுமாகப் போய்ப் பார்க்கிறார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை! எகிப்தை விட்டு வந்தாயிற்று, செங்கல் சூளைப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஓய்வு எடுக்கும்போது உள்ளுக்குள் "சோம்பேறி" என்று ஒரு குரல் கேட்குமே, அது யாருடைய குரல் என்று இந்த இரண்டு அதிகாரங்களைப் படித்தால் தெரியும், பல விசுவாசிகள் அதைப் பரிசுத்த ஆவியானவருடைய குரல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை முடிந்தபின் ஓய்வெடுக்கலாம் என்பது நல்ல திட்டம் போலத் தெரியும், ஆனால் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? யாத்திராகமம் 34:21 இதை நேராகவே தொடுகிறது, விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்கிறது. வயலில் கதிர் முற்றி நிற்கிறது, மழை எப்போது வரும் என்று தெரியாது, அப்போது அரிவாளைக் கீழே வை என்கிறார் கர்த்தர். 321-ஆம் ஆண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தபோது விவசாயிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார், நல்ல பருவம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று. அரசாங்கமாக யோசித்தால் அது சரியான முடிவுதான். ஆனால் யாத்திராகமம் கேட்பது நம்பிக்கையை, விளைச்சல் என் கையில் மட்டும் இல்லை என்று வாரம் ஒரு தடவை ஒப்புக்கொள்வதை. அவசரமே இல்லாத வாரத்தில் ஓய்வதற்கு விசுவாசம் எதற்கு, சொல்லுங்கள்.

அப்புறம் உபாகமம் 5. அதே கட்டளைதான், காரணம் வேறு. யாத்திராகமத்தில் சிருஷ்டிப்பு காரணம், இங்கே எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்பது காரணம். அதனால் உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது, கூடவே மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன். இந்தப் பட்டியலில் மனைவி தனியாக இல்லை, "நீ" என்பதற்குள் அவளும் அடக்கம் என்றே பலர் விளக்கம் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நிறைய கிறிஸ்தவ வீடுகளில் நடப்பது என்ன? ஆராதனை முடிந்து வந்து ஆண்கள் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறார்கள், வாரத்திலேயே பெரிய சமையலும் விருந்தாளிகளும் அன்றைக்குத்தான் வருகிறார்கள், அந்த வீட்டு அம்மாவுக்கு ஆறு நாளைவிட ஏழாவது நாள்தான் கடினம். இதை ஓய்வுநாள் ஆசரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒருவர் உழைப்பின்மேல் நாம் படுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சட்டமாகிவிடும் என்ற பயமும் நியாயமானதே. லூக்கா 13-ல் பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் சுகமாக்குகிறார், ஜெபஆலயத் தலைவனுக்குக் கோபம் வருகிறது, வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே என்கிறான். மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, கட்டப்பட்டிருந்த இவளை இந்த நாளில் அவிழ்த்துவிட வேண்டாமா என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். உபாகமம் சொன்ன விடுதலைதான் இது. ஆகவே செவிலியர், தீயணைப்பு வீரர், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் குற்ற உணர்வோடு அலைய வேண்டியதில்லை, வேறொரு நாளை எடுத்துக்கொள்ளலாம். போதகருக்கும் ஞாயிறு வேலை நாள்தான், அவருக்கு இன்னொரு நாள் ஓய்வு கொடுக்கிறதா என்று சபை யோசிக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவரிடம் ஓய்வுநாள் பிரசங்கம் செய்வதைவிட அந்த நாள் கூலியைச் சபை தாங்குவது மேல்.

என் வழக்கத்தைக் கேட்டால், முந்தின நாள் சாயங்காலமே அலுவலகச் செயலிகளை அணைத்துவிடுவேன், பாத்திரம் கழுவுவதை வீட்டில் பங்குபோட்டுக்கொள்வோம், ஆராதனைக்குப் பிறகு தூக்கம், நடை, சங்கீதம், யாராவது சுகமில்லாதவரைப் போய்ப் பார்ப்பது. பெரிய ஆவிக்குரிய அனுபவம் எதையும் முதல் வாரத்திலேயே எதிர்பார்க்காதீர்கள், முதலில் வருவது எரிச்சல்தான், கை தானாகப் போனைத் தேடும், நாம் இல்லாமலும் எல்லாம் ஓடுகிறதே என்பது கொஞ்சம் வலிக்கும். அந்த வலியோடு ஜெபிக்க உட்கார்ந்தால் வழக்கத்தைவிட நேர்மையான ஜெபம் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முழு நாள் முடியாது என்றால் ஆராதனை முடிந்து இரவு வரை என்று ஆரம்பியுங்கள், ஆனால் வீட்டில் மற்றவர்களோடு பேசி, அவர்களுக்கும் அதே நேரம் கிடைக்கும்படி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.