ஊசலை ஆட்டுவது யார்?

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு நீங்கள் செய்து காட்டியதைக் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். என் அப்பா நெல்லிக்குப்பம் பக்கம் முப்பது வருஷம் ஊசல் பிடித்து நீரோட்டம் பார்த்தவர், யாரிடமும் காசு கேட்டதில்லை. நட்டை ஆட்டுவது நம் கைதான் என்று நீங்கள் சொன்னதும் சுருக்கென்றது. அப்பா ஊரை ஏமாற்றினாரா?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்றவில்லை. அன்றைக்கே இதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

முதலில் நூலைப் பிடித்த சுண்டல்கார அம்மாவை நினைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, கையை ஆட்டாமல் இந்தக் கோட்டோடு போகும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன், கால் நிமிஷத்தில் நட்டு கோட்டோடு ஆட ஆரம்பித்துவிட்டது. "நான் ஆட்டலைங்க, அதுவா ஆடுது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஏனென்றால் விரல் அசைவது அவருக்கே தெரியாது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நூலில் தொங்கும் நட்டு ஒரு வினாடிக்கு ஒரு முறை போய் வரும், அந்தத் தாளத்தில் விரல் மயிரிழை அசைந்தாலும் ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரி சேர்ந்து சேர்ந்து பெரிய வீச்சாகிவிடும். அசையத் தூண்டுவது மனதில் இருக்கும் எதிர்பார்ப்பு.

செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைத் தன் கையிலேயே சோதித்து 1833-இல் எழுதினார். பாதரசத்துக்கு மேல் ஊசல் ஆடியது, நடுவே கண்ணாடி வைத்தால் நின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை வேறொருவர் வைத்து எடுத்தபோது அந்த வித்தியாசமே இல்லை.

அதைத்தான் நான் மூன்று டம்ளர்களில் செய்தேன். தண்ணீர் எந்த டம்ளரில் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தவரை ஊசல் தவறவில்லை. மூடி போட்டு, அவருக்கும் எனக்கும் தெரியாமல் ஒரு பையன் இடம் மாற்றியபோது ஒன்பது முறையில் மூன்று முறைதான் சரி, அது கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தாலும் கிடைக்கும்.

அப்போ அப்பா காட்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர் வந்ததே என்பீர்கள். வரும். நம்முடையது மணலும் மணற்கல்லுமான பூமி, நெய்வேலியில் அடிநீரின் அழுத்தத்தைக் குறைக்க ராப்பகலாக இறைத்துக்கொண்டேதான் நிலக்கரி வெட்டுகிறார்கள். சேலம், தர்மபுரி மாதிரி பாறைப் பூமியில் ஒரு போர் வறண்டுபோய் பக்கத்துப் போரில் தண்ணீர் கொட்டும், அந்தக் கஷ்டம் இங்கே பெரும்பாலும் இல்லை. இங்கே கேள்வி எத்தனை அடியில், நல்ல தண்ணீரா உப்பா என்பது. கடலோரத்தில் கடன் வாங்கிப் போர் போட்டு உப்புத்தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நிற்கிறேன். சுற்றிலும் இருக்கும் நாலு போர்களின் ஆழத்தைக் கேட்டு, தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாலே ஊசலைவிட அதிகம் தெரியும். முப்பது வருஷம் ஊர் ஊராக நடந்த உங்கள் அப்பாவுக்கு இந்த விவரமெல்லாம் மனதில் படிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அவருடைய ஊசல் வீட்டில் இருந்தால் வரும் ஞாயிறு எடுத்துக்கொண்டு வாருங்கள். டம்ளர்களை நீங்கள் மாற்றி வையுங்கள், நான் பிடிக்கிறேன்.