காப்பாற்றியவருக்குக் கழுத்தை நீட்ட வேண்டுமா?

கேள்வி: டொரதி சேயர்ஸ் எழுதிய 'ஸ்ட்ராங் பாய்சன்' நாவலை வாசித்தேன். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைத் தூக்கிலிருந்து காப்பாற்றப் பாடுபடுகிறார் துப்பறிவாளர். அவளோ அவரை மணக்க மறுக்கிறாள். இது நன்றி கெட்டத்தனம் அல்லவா? கொலைக் கதைக்குள் காதல் எதற்கு? அதை வெட்டிவிட்டுத் தமிழில் தந்தால் நம் மலையக வாசகர்கள் விறுவிறுப்பாகப் படிப்பார்களே?
– வாசகர், ஹட்டன்

பதில்: காதல் எதற்கு என்று கேட்பதில் உங்களுக்குப் பெரிய துணை உண்டு. துப்பறியும் கதைகளுக்கு 20 விதிகள் வகுத்த எஸ். எஸ். வான் டைன், 1928இல், காதலுக்கு இடமில்லை என்பதை மூன்றாவது விதியாகவே எழுதிவைத்தார். அதே ஆண்டில், தாம் தொகுத்த கதைத் திரட்டின் முன்னுரையில், தேவையில்லாமல் காதலில் விழும் நாயகர்களைப் பற்றி அலுத்துக்கொண்டவர் வேறு யாருமல்ல, சேயர்ஸ்தான். இரண்டே ஆண்டுகளில் அவரே இந்த நாவலை எழுதினார். எனவே கத்தரிக்கோலை எடுக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்.

எதை வெட்டுவீர்கள்? குற்றம் சாட்டப்பட்ட ஹரியட் வேன் துப்பறியும் கதைகள் எழுதுகிறவள். திருமணத்தில் நம்பிக்கை இல்லை என்று கொள்கை பேசிய பிலிப் பாய்ஸ் என்ற எழுத்தாளனுக்காக, ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் அவனோடு வாழ்கிறாள். ஓராண்டு போனதும் அவன் திடீரென்று திருமணம் செய்துகொள்வோம் என்கிறான். அவ்வளவு காலமும் தன்னை ஒத்திகை பார்த்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவள் உதறிவிட்டு வருகிறாள். பிறகு அவன் ஆர்செனிக்கால் சாகிறான். அடுத்த நாவலின் ஆராய்ச்சிக்காக அவளோ பொய்ப் பெயர்களில் அதே நஞ்சை வாங்கியிருக்கிறாள். அவனுடைய கடைசி இராப்போசனத்தில் எதிலும் நஞ்சு இல்லை, மிஞ்சுவது அதற்குப் பிறகு அவள் கொடுத்த கோப்பி மட்டும்தான் என்கிறது வழக்கு. முறிந்த காதலை எடுத்துவிட்டால் அரசுத் தரப்புக்கு நோக்கமே கிடையாது. நோக்கம் இல்லாமல் எந்த நீதிபதி மரண தண்டனை விதிக்கும்போது அணியும் கறுப்புத் தொப்பியைத் தேடுவார்?

துப்பறிவாளர் லோர்ட் பீட்டர் விம்சியின் பக்கம் பாருங்கள். வழக்கைக் கட்டியவர் அவருடைய நெருங்கிய நண்பரான பொலிஸ் அதிகாரி. சான்றுகள் எல்லாம் அவளுக்கு எதிராக நிற்கின்றன. குற்றவாளிக் கூண்டில் பார்த்தவளை நேசித்துவிட்டதால்தான் அவள் செய்யவில்லை என்று விம்சி நம்புகிறாரா, உண்மையாகவே செய்யவில்லையா? இந்தச் சந்தேகம்தான் கதையை ஓட வைக்கிறது. மறுவிசாரணைக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான் இருக்கிறது. உங்களுக்கு விறுவிறுப்பு வேண்டுமென்றால் அது இங்கேதான் இருக்கிறது, ஐயா.

'காப்பாற்றப் பாடுபடுகிறார் துப்பறிவாளர்' என்று ஒருவரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நாவலை வேகமாகப் புரட்டியிருப்பீர்கள் போலும். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒரே முடிவுக்கு வராமல் போனது யாரால்? மிஸ் கிளிம்ப்ஸன் என்ற வயதான, திருமணமாகாத பெண் ஜூரியில் அமர்ந்து அசையாமல் நின்றதால். தட்டச்சு நிலையம் என்ற பெயரில் விம்சி நடத்துகிற துப்புக் கூடத்தில் வேண்டாதவர்கள் என்று உலகம் ஒதுக்கிய பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். வக்கீல் அலுவலகத்துக்குள் போய்ப் பூட்டுத் திறக்கிறவள் அவர்களில் ஒருத்தி. ஆவியோடு பேசுவதாக நாடகமாடி, வழக்குக்கு முக்கியமான ஓர் உயில் இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதும் அதே மிஸ் கிளிம்ப்ஸன்தான். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பகுதி அது. காப்பாற்றியதற்குக் கூலி திருமணம் என்றால், ஹரியட் முதலில் அந்த அம்மாளின் வீட்டுக்குத்தான் வாழப் போக வேண்டும்.

நன்றிக்கு வருவோம். விம்சி சிறைக்குள் முதல் சந்திப்பிலேயே திருமணம் கேட்கிறார். மறுத்தால் உயிர் போகும் நிலையில் இருக்கிற பெண்ணிடம் சம்மதம் வாங்குவதற்குப் பெயர் சம்மதமா? விம்சிக்கு இது புரிகிறது. அதனால்தான் அவள் விடுதலையாகும் நாளில், நன்றியை வசூலிக்க வந்து நிற்காமல் விலகிப் போகிறார். உங்களுக்குத்தான் புரியவில்லை. இந்த நாவலோடு விம்சிக்குத் திருமணம் முடித்துக் கதையை மூடிவிடவே எண்ணியதாகவும், தன்மானம் குறையாமல் ஹரியட் 'சரி' சொல்வதற்கு வழி கிடைக்கவில்லை என்றும் சேயர்ஸே பின்னாளில் எழுதினார். வழி கிடைக்க 1935 ஆயிற்று. ஒக்ஸ்போர்டைக் களமாகக் கொண்ட, கொலையே இல்லாத இன்னொரு நாவல் தேவைப்பட்டது.

நம் குண்டலகேசியை நினைத்துப் பாருங்கள். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படும் கள்வனைக் கண்டு காதல்கொண்டு, தந்தை மூலம் மீட்டு மணந்தாள். அந்த நன்றியுள்ளவன் ஒருநாள் அவளைத் தள்ளிக் கொல்ல மலை உச்சிக்கு அழைத்துப் போனான். மூன்று முறை வலம் வருகிறேன் என்று சொல்லி அவள் அவனை முந்திக்கொண்டாள். உயிர்க்கடனில் கட்டிய தாலி எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாத சேதியா?

தோட்டங்களில் தெரியாத சேதியும் அல்ல. தகப்பனின் வைத்தியச் செலவுக்குக் கை கொடுத்த வீட்டார், பிறகு பெண் கேட்டு வந்தால், லயத்தில் எல்லாரும் 'செய்த உதவியை நினைத்துப் பார்' என்று அந்தப் பிள்ளைக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். கொழுந்து பறித்து வரும் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்கிறேன் என்று அவள் சொன்னால் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். ஹரியட்டுக்கு நீங்கள் கொடுத்த பட்டமும் அதே வகைதான். மலையக வாசகர்களுக்காக இந்த நாவலில் எதையாவது வெட்ட வேண்டுமென்றால், இந்தப் பகுதியை மட்டும் தொடக்கூடாது.

கொலையாளி யாரென்று கேட்டு இன்னும் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. சொல்லமாட்டேன். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, சேயர்ஸ் இறந்தது 1957இல். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 2027 முடியும் வரை உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் முழுதாகவும் வெளியிட முடியாது, வெட்டியும் வெளியிட முடியாது. அனுமதிக் கடிதத்தோடு வாருங்கள், பேசுவோம்.