பாலாற்றங்கரையில் சிப் ஆலை வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகர்): குஜராத்தில் தோலேராவிலும் சானந்திலும் சிப் ஆலை என்கிறார்கள். ராணிப்பேட்டையில் சிப்காட், ரயில், நாற்கரச் சாலை எல்லாம் இருந்தும் இங்கே ஏன் வரவில்லை?

பதில்: அந்த இரண்டு ஊரிலும் நடப்பது ஒரே தொழில் அல்ல. தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பவர்சிப்புடன் சேர்ந்து அமைப்பது ஃபேப். வேஃபர் எனும் சிலிக்கான் வட்டின் மேல் மின்சுற்றை உருவாக்கும் ஆலை அது. மாதம் 50,000 வேஃபர் திட்டம். சானந்தில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் அமைத்தது, வெளியே செய்த வேஃபரை வரவழைத்து அறுத்து, பொதிந்து, சோதிக்கும் ஆலை. ஆம்பூர்ப் பக்கம் சொல்வதானால், தோல் பதனிடுவது ஒன்று, பதனிட்ட தோலில் ஷூ தைப்பது வேறு.

ஃபேப் என்றால் நமக்கு முதல் சிக்கல் தண்ணீர். வேஃபரைக் கழுவும் நீரின் மின்தடைத்திறன் 18.2 மெகாஓம்-செ.மீ. இருக்க வேண்டும், கிட்டத்தட்ட உப்பே இல்லாத நீர். நல்ல குடிநீரிலிருந்து எடுத்தாலும் ஒரு லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் பிடிக்கும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்த நிலத்தடி நீரை எடுத்தால், ஆர்.ஓ. சவ்வில் கால்சியமும் சிலிக்காவும் படிந்து அடைக்கும். ஒதுக்கும் நீர் கூடும். அந்த நீரைக் காய்ச்சி உப்பாக்கும் செலவு என்னவென்று இங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, வேஃபரை அரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் கழிவைச் சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்தால் கால்சியம் ஃபுளோரைடு சேறு தனியாகச் சேரும்.

அடுத்தது மின்சாரம். 2019 ஜூனில் ஜப்பானின் யொக்காய்ச்சியில் 13 நிமிடம் மின்சாரம் நின்றது. அங்குள்ள நினைவகச் சிப் ஆலைகள் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கானது. ஒரு வேஃபர் நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து வெளிவர இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுவில் நின்றால் உலையில் இருந்ததெல்லாம் குப்பை. இப்போதைக்கு இந்த மாவட்டத்துக்குப் பொருந்துவது பொதியும் ஆலைதான் என்பது என் கணிப்பு.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): மற்ற நாடுகள் எங்கிருந்து தொடங்கின?

பதில்: பெரும்பாலும் வாலிலிருந்து, அதாவது கடைசிக் கட்ட வேலையிலிருந்தோ பழைய தொழில்நுட்பத்திலிருந்தோ. மலேசியாவின் பினாங்கில் 1972-இல் இன்டெல் அமைத்தது வெறும் பொருத்தும் ஆலை. அதைச் சுற்றி அச்சு செய்பவர், கருவி பழுது பார்ப்பவர், சோதனைப் பலகை செய்பவர் என்று ஊரே வளர்ந்தது. தைவான் 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடம் வாங்கியது அப்போதே பழசாகிவிட்ட தொழில்நுட்பம். ஆனால் இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிக் கையால் செய்து பழக வைத்தது. அவர்கள் திரும்பி வந்து நடத்திய மாதிரி ஆலையிலிருந்து 1980-இல் யு.எம்.சி. என்ற சிப் நிறுவனம் பிறந்தது, 1987-இல் அரசும் பிலிப்ஸும் பணம் போட டி.எஸ்.எம்.சி. என்ற இன்னொரு சிப் நிறுவனம் வந்தது.

நாமும் தூங்கிவிடவில்லை. மொகாலியில் அரசு ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989-இல் தீயில் எரிந்தது. மீள்வதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிவிட்டது. இந்தத் தொழிலில் ஐந்தாண்டு இடைவெளியே பெரும் பள்ளம்.

உங்கள் ஊர்த் தோல் தொழிலும் இப்படித்தான் மாறியது. 1970-களில் பச்சைத்தோல், அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்ட பிறகே முழுப்பதனிடலும் காலணியும் இங்கே வேர்விட்டன. ஆனால் சிப்புக்குத் தடை மட்டும் போட்டால் நடக்காது; தோல் நம்மிடம் இருந்தது, வேஃபர் நம்மிடம் இல்லை.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): ‘ஈல்டு’ என்கிறார்களே?

பதில்: நூற்றுக்கு எத்தனை சிப் தேறுகிறது என்ற கணக்கு. சதுர செ.மீ.க்குச் சராசரி அரைப் பழுது இருந்தால், 1 சதுர செ.மீ. சிப்பில் 60 தேறும். அதே வேஃபரில் 4 சதுர செ.மீ. சிப் செய்தால் 13தான். புதிய ஆலை சிறிய, எளிய சிப்பில் தொடங்குவது இதனால்தான்.

கேள்வி (காட்பாடி வாசகர், டிப்ளமா மாணவர்): பொதியும் ஆலையில் என்ன வேலை இருக்கும்?

பதில்: 300 மி.மீ. வேஃபர் 775 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் வரும். பின்புறத்தைத் தேய்த்து 100–200 மைக்ரானுக்கு இறக்குவார்கள். வைரச் சக்கரத்தால் அறுப்பார்கள். கழுவும் தூயநீரில் நிலைமின்சாரம் சேர்ந்து சுற்றைக் கருக்கும் என்பதால், அதில் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து விடுவது வழக்கம். பிறகு சிப்பை வெள்ளிப் பசையால் ஒட்டி, 25 மைக்ரான் கம்பியால் இணைப்பார்கள். தங்கக் கம்பி எளிது, விலை அதிகம். தாமிரக் கம்பி மலிவு, ஆனால் காற்றுபட்டால் கறுக்கும். 95 பங்கு நைட்ரஜனும் 5 பங்கு ஹைட்ரஜனும் கலந்த வாயுவில்தான் அதன் நுனியை உருக்க வேண்டும். தாமிரம் கடினம், அழுத்தம் கூடினால் அடியிலுள்ள தளம் விரிசல் விடும். கடைசியில் எப்பாக்ஸி பிசினால் வார்த்து மூடுவது, சோதனை.

வாடிக்கையாளரிடமிருந்து அதிகம் திரும்பி வரும் குறைகளில் ஒன்று ஈரம். எப்பாக்ஸி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கும் உலை 260 டிகிரியைத் தொடும்போது அந்த ஈரம் ஆவியாகி, உறை சோளப்பொரி போல வெடிக்கும். ஈரத்தால் எவ்வளவு எளிதில் கெடும் என்ற தரவரிசையில் மூன்றாம் நிலைச் சிப் என்றால், ஈரம் புகாத பையைப் பிரித்தபின் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணிநேரம்தான் கெடு. ஐப்பசி மழையில் வேலூரில் கதவைத் திறந்து வைத்தால் அந்தக் கெடு அதற்கு முன்பே தீரும். கெடு தாண்டியதை 125 டிகிரியில் சுட்டு உலர்த்தலாம். ஆனால் சூடு தாங்கும் தட்டில் இருந்தால் மட்டுமே. நாடாச் சுருளில் இருந்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், 40 டிகிரியில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும்.