முயலின் பிடரியில் ஒரு ஊசி

அன்புள்ள ஐயா,

2015-இல் இங்கே சிங்கப்பூரில் பச்சை மீன் சாப்பிட்டவர்களுக்குக் கிருமி தொற்றியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகள் மூளைக்காய்ச்சல் ஆய்வில் சேரப்போகிறாள். எலிக்குக் கிருமி ஏற்ற வேண்டுமாம். எறும்பைக்கூட நசுக்காதவள். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து மருந்து போட்டுப் பார்த்தால் போதாதா?

கோமதி, யீஷூன்

அன்புள்ள கோமதி,

போதாது. மருந்து கிருமியைக் கொல்கிறதா என்று தட்டு சொல்லும், அவ்வளவுதான். மூளையைச் சுற்றிய உறை வீங்கும் இந்த நோயில் ஆளைச் சாய்ப்பதில் கிருமிக்குப் பாதிப் பங்கு என்றால், அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் வீக்கத்துக்கு மீதி. தட்டுக்கு வீங்கத் தெரியாது.

1974-இல் டேசி, சாண்டே என்ற ஆய்வாளர்கள் எழுதிய முறையில், மயக்கம் கொடுத்த முயலின் பிடரியில் ஊசியை இறக்கி, மூளையைச் சுற்றியுள்ள நீரில் நிமோனியா கிருமியைச் செலுத்துவார்கள். அப்புறம் அந்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கிருமி எவ்வளவு, மருந்து எவ்வளவு உள்ளே வந்தது என்று அளப்பார்கள். கேட்கவே சங்கடம்தான். ஆனால் ஆன்டிபயாடிக் கிருமியை உடைக்கும்போது சிதறும் செல்சுவர்த் துண்டுகளே வீக்கத்தைக் கூட்டுகின்றன என்பது இப்படிப்பட்ட முயல்களில்தான் பிடிபட்டது. வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெத்தசோனை ஆன்டிபயாடிக்குக்கு முன்போ கூடவோ கொடுப்பது அதனால்தான். 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 301 பெரியவர்களில் அந்த மருந்து பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் முடிவு மோசமானது. 2007-இல் வந்த மலாவி ஆய்விலோ பலனே இல்லை. முயல் சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்திவிடவில்லை.

பிடரி ஊசியில் இன்னொரு குறை, கிருமி மூளைக்குப் போகும் பாதையையே அது தாண்டிவிடுகிறது. நீங்கள் சொன்ன 2015 சம்பவத்தில், நம்மூர்த் தோமான் மீனிலும் சோங் மீனிலும் இருந்த பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வாய்வழியாகப் போனது. அதைப் பற்றி இந்த முயல் வாய் திறக்காது. மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான மெனிங்கோகாக்கஸ் இன்னும் பிடிவாதம், மனிதரிடம்தான் இயல்பாக வாழும். அது இரும்பை எடுத்துக்கொள்வது மனித இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்திடமிருந்து. அதற்காக மனித டிரான்ஸ்ஃபெரின் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளை வைத்துக்கொள்கிறார்கள்.

மகளைத் தடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். இங்கே ஆய்வுக்கூடங்களுக்கு 2004 முதல் தேசிய வழிகாட்டு நெறிகள் உண்டு, நிறுவனத்தின் குழு ஒப்புக்கொள்ளாமல் எலியைத் தொட முடியாது. சேருமுன் அவள் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: சோதனையை எப்போது நிறுத்துவீர்கள்? சில ஆய்வுகளில் எலியை மல்லாக்கப் போட்டு, 30 விநாடிக்குள் புரண்டு எழுகிறதா என்று பார்ப்பார்கள். எழாத எலியை அதற்குமேல் வைத்திருப்பார்களா, எத்தனை மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், இரவில் யார் வருவார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.