ஒரே எண், இரண்டு கடைசி நிறுத்தம்

எண்ணைப் பார்த்து ஏறினேன், பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் பேருந்து வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது. கிளை பிரியும் தடத்தில் எண் மட்டும் போதாது. சேருமிடப் பலகையைப் பாருங்கள், எண்ணோடு ஒட்டிய எழுத்து இருந்தால் அதையும்.

அப்புறம், "10 நிமிடத்துக்கு ஒன்று" என்பது பிரிவு வரைக்குமான பொதுப் பாதைக்கான கணக்கு. இரு கிளைக்கும் மாறி மாறி விட்டால் உங்களுக்கு 20. ஒன்று வராமல் போனால் 40! பிரிவுக்கு முன்பே இறங்குகிறவர்களுக்கு இந்த வலி தெரியாது.

பிரிவிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான் என்றால் எது வந்தாலும் ஏறிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே போய் நின்றும் பின்னால் வரும் உங்கள் கிளை வண்டிக்குத்தான் காத்திருப்பீர்கள். கடைசி வண்டி நேரத்தை உங்கள் கிளைக்கென்று தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.