வீட்டை அடகு வைத்து மருத்துவ சீட் வேண்டாம்

அம்மா, உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி நான்கு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் பெரியப்பாவும் அத்தையும் என்ன சொல்வார்களோ என்ற பயம். பயம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வீட்டை அடகு வைத்து மருத்துவ சீட் வாங்குவது தவறு. அதுவும் அவள் கேட்கவே கேட்காத படிப்புக்கு!

அந்த நான்கு வரியில் ஒன்றை மறுபடி படியுங்கள். மழைநீர் தேங்கிய பாத்தியில் தக்காளி செத்துப்போய், பக்கத்துக் கத்தரி மட்டும் பிழைத்தது ஏன் என்று வேரைப் பிடுங்கிப் பார்த்தாளாம். சரி, அந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: தோட்டக்கலை இளநிலை, அப்புறம் காய்கறி அறிவியலில் முதுநிலை.

இதைப் படித்தவர்கள் எங்கே தேவை என்கிறீர்களா? வெப்பமண்டலத் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்நிலத்துச் சூட்டில் முட்டைக்கோஸ் சரியாக உருண்டு கட்டாது. கப்பலில் வரவழைத்தால் வருவதற்குள் வாடவும் கூடும். அங்கே கைகொடுப்பவை தண்டுக்கீரை, கொடிப்பசலை, வள்ளைக்கீரை, முருங்கை, சிறகவரை. தண்டுக்கீரையை விதைத்த 3, 4 வாரத்தில் பறிக்கலாம், சத்தும் நிறைய. ஆனால் எந்த ரகம் அடைமழைக்கும் உப்புக்காற்றுக்கும் நிற்கும், ஈரக்காற்றில் விதையை எப்படிக் கெடாமல் காப்பது என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும்.

தக்காளிக்கே வருவோம். நீர் தேங்கினால் அதன் வேர் மூச்சுமுட்டிப் போகும். போதாக்குறைக்கு மண்ணிலிருக்கும் பாக்டீரியா வாடல் நோய், இலை பச்சையாக இருக்கும்போதே செடியைச் சாய்த்துவிடும். அந்தத் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் பிடித்தால் பால்போல ஓர் இழை இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தைவான் தீவில் 1971இல் தொடங்கிய உலகக் காய்கறி மையம் இதற்கு ஒரு வழியைப் பரப்பியது. கத்தரி நாற்றைச் சாய்வாக வெட்டி, அதன்மேல் தக்காளித் தளிரைப் பொருத்தி, சிறு ரப்பர் குழாயால் பிடிப்புக் கொடுத்து, ஒரு வாரம்போல நிழலிலும் ஈரத்திலும் வைப்பார்கள். ஒட்டிக்கொள்ளும். கீழே நீரையும் நோயையும் தாங்கும் கத்தரி வேர், மேலே தக்காளிக் காய்ப்பு. உங்கள் மகள் பாத்தியில் கண்டுபிடித்தது இதன் முதல் பாதியை!

தொடக்கத்திலேயே டாக்டர் சம்பளம் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி வேலைக்கு முதுநிலையாவது வேண்டும். நாற்றுப்பண்ணை, விதை உற்பத்தி போன்ற வேலைகளுக்கு இளநிலையோடே போகலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நாற்றங்கால் எங்கே, மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒட்டுக் கட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். பெரியப்பா வர வேண்டாம். கேள்விகளை அவளே கேட்கட்டும்.